சோணைமுத்து குடுத்த புல்லு

சோணைமுத்து வீடா? அந்தா தெரியுது பாருங்க, வேப்பமரத்துக்கு அங்கிட்டு நீலத் தகரம் போட்டது, அதுதான். ஆனா இப்பப் போனீங்கன்னா பூட்டியிருக்கும். அவனுக்கு இடுப்பு வலி, புருஷனும் பொண்டாட்டியும் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. பொண்ணு புல்லறுக்கப் போயிருக்கா. இந்த வெயில்ல அங்க போயி எதுக்குக் காயிறீங்க? வண்டியை அப்படியே நிழல்ல விட்டுட்டு இந்தத் தவிட்டு மூட்டை மேல உக்காருங்க. மாட்டுக் கொட்டகைதான், காலையிலயே கழுவி விட்டுட்டேன், நாத்தம் இருக்காது. மோர் குடிக்கிறீங்களா?

வெள்ளை வேட்டி, கையில மஞ்சப்பை, வீட்டைக் கேக்கும்போதே குரல்ல ஒரு இழுவை. நீங்க சொல்லாமலே தெரியுது தம்பி, பொண்ணு விசாரிக்க வந்திருக்கீங்க. மாப்பிள்ளைக்கு என்ன முறை? தாய்மாமனா. அதான பாத்தேன். அக்கம்பக்கத்துல நாலு வார்த்தை கேக்காம எவன் பொண்ணெடுப்பான்? இதுக்கு முன்னாடி வந்தவங்களும் இதே மூட்டை மேலதான் உக்காந்தாங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். எம்பேரு அங்கம்மா. அடுத்தவ பெத்த பொண்ணைப் பத்தி ஒரு பொல்லாத வார்த்தை இந்த வாயில வராது. நானும் ரெண்டு பொண்ணைக் கட்டிக் குடுத்தவதான். சுகப்பிரியா தங்கமான பொண்ணு. நடத்தையில இத்துனூண்டு குறை சொல்ல முடியாது. பால் சொசைட்டியில வேலை பாக்குறா, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒருக்க, வந்த பிறகு ஒருக்க முழங்கால் சேத்துல இறங்கிப் புல்லறுக்குறா. சமையல் தெரியும். பெரியவங்களைக் கண்டா எந்திரிச்சு நிப்பா. இம்புட்டையும் நானே சொல்லிடுறேன், பெறகு அங்கம்மா மறைச்சுட்டான்னு யாரும் சொல்லக்கூடாது. நான் சொல்ல வர்றது புல்லைப் பத்தித்தான்.

சிரிக்கிறீங்க. பொண்ணைக் கேட்டா புல்லைச் சொல்றாளேன்னு. கேளுங்க, சேதி அதுலதான் இருக்கு.

எங்க கண்மாய்க்குக் கீழ ஒரு பள்ளம் உண்டு. எந்தக் கோடையிலயும் அங்க ஈரம் காயாது. நெல்லுப் போட்டா தூரு அழுகிப் போகும். அதுல எனக்கு ஒரு துண்டு, சோணைமுத்துக்கு ஒரு துண்டு, நடுவுல ஒரு வாய்க்கால். கீழ இருக்கிற வயக்காடு பூராத்துக்கும் அந்த வாய்க்கால்தான் தண்ணி. சோணைமுத்து எனக்குச் சொந்தமெல்லாம் இல்ல. பக்கத்து வீடு, அதனால மதினின்னு கூப்பிடுவான். அவன் எங்கயோ ஒரு மாட்டுப்பண்ணையில கொஞ்ச காலம் வேலை பாத்துட்டு வந்தான். வரும்போது ஒரு சாக்கு நிறையத் தண்டு கொண்டாந்தான். என்னடா இதுன்னா, தண்ணிப்புல்லுங்கிறான். ஊரே சிரிச்சுச்சு. வயலுக்குள்ள புல்லு முளைச்சாப் புடுங்கி எறிவாங்க, இவன் காசு செலவழிச்சு பஸ்ஸுல ஏத்திக் கொண்டாந்து நடுறான்.

நடுறதுன்னா என்ன நடவு. தண்டை ரெண்டு கணு மூணு கணு இருக்கிற மாதிரி துண்டு போட்டு, சேத்து மேல அள்ளி வீசிட்டு, எருமையை ஓட்டி மிதிக்க விட்டான். அம்புட்டுதான். கொஞ்ச நாள்ல கணுவுக்குக் கணு வேர் விட்டு, கணுவுக்குக் கணு குருத்து. அந்தப் புல்லு இருக்கே தம்பி, அதுக்கு வெக்கமே கிடையாது. வெட்டிப் போட்ட இடத்துல முளைக்கும், தண்ணி ஏறுனா தண்டை நீட்டி மேல மிதக்கும், மனுஷன் நிக்க முடியாத சகதியில அது நிமிந்து நிக்கும். தண்டுல பூனைமுடி மாதிரி சுணை, அறுத்தா கையி அரிக்கும். ஆனா மாடு விடாது. எருமை இருக்கே, அது கிறுக்குப் பிடிச்ச மாதிரி திங்கும். எங்க வீட்டு வைக்கோலைத் தின்ன மாடெல்லாம் எலும்பும் தோலுமா நிக்க, அவன் மாடு மினுமினுன்னு நிக்கிது. சொசைட்டியில அவன் கேனை இறக்கும்போது எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க.

எனக்கு வயித்தெரிச்சலா இருந்துச்சு. இருக்காதா? மறைக்க என்ன இருக்கு.

எங்க ஊருல ஒரு வழக்கம் உண்டு. நாத்துத் தண்டு, கரணை இதெல்லாம் கேட்டா இல்லைங்கக் கூடாது, விலைக்கும் விக்கக் கூடாது. வித்தா குடுத்தவன் தோட்டம் பட்டுப்போகும்பாங்க. அதனால போயிக் கேட்டேன். மறுவார்த்தை பேசாம குடுத்தான். குடுத்தவன் பேசாம போக வேண்டியதுதானே? கூடவே வந்து வரப்புல நின்னுக்கிட்டு, "மதினி, வாய்க்கால் ஓரத்துல நடாதீங்க, நாலு முழம் தள்ளி நடுங்க, இது ஓடுற புல்லு"ங்கிறான். "வாரம் ஒருக்க ஓரத்தை அறுத்து விடுங்க, அறுத்ததைத் தண்ணியில விழ விடாதீங்க"ங்கிறான். "உப்பை அள்ளிப் போட்டுறாதீங்க"ங்கிறான். உரத்தைத்தான் நாங்க உப்பும்போம். அவன் என்ன எனக்கு வாத்தியாரா? எந்நெலத்துல நாலு முழத்தை நான் எதுக்குச் சும்மா போடணும்? வாய்க்கால் தண்ணி தொட்டுக்கிட்டுப் போற மாதிரி ஓரம் வரைக்கும் நட்டேன்.

ஓடுச்சு. வாய்க்காலுக்குள்ள இறங்கி அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் பாய் விரிச்ச மாதிரி ஓடுச்சு. இதுல ஞாயத்தைக் கேளுங்க தம்பி. அவனும் அதே புல்லுதான், நானும் அதே புல்லுதான். அவன் புல்லு ஓடல, எம்புல்லு மட்டும் ஓடுது. அப்ப எனக்குக் குடுத்தது என்ன தண்டு? அவன் வாரா வாரம் ஓரத்தை அறுத்துக்கிட்டே இருப்பான், அது வேற விஷயம்.

இங்கதான் அந்தப் பொண்ணு வருது. அப்ப பன்னண்டாவது படிச்சுக்கிட்டு இருந்தா. பள்ளிக்கூடத்துப் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு இந்த வாசல்ல வந்து நின்னா. "பெரியம்மா, வாய்க்கால்ல உங்க புல்லு அடைச்சுக்கிருச்சு. மழைக்கு முன்னாடி இழுத்துப் போடலைன்னா தண்ணி உங்க கொட்டகைக்குத்தான் திரும்பும்." இதே வார்த்தை, ஒண்ணு கூட்டல குறைக்கல. நான் போடி உன் வேலையைப் பாருன்னேன். அந்த ஐப்பசியில மழை கொட்டுச்சு. தண்ணி எங்க திரும்புச்சு? இந்தா, நீங்க கால் வச்சிருக்கிற இடத்துல முழங்கால் மட்டுக்கு நின்னுச்சு. ஊருல எத்தனை கொட்டகை இருக்கு. வேற எங்கயாச்சும் போச்சா? அவ சொன்ன கொட்டகைக்குத்தான் வந்துச்சு.

அப்பவும் நான் ஒண்ணும் நினைக்கல. சின்னப்பொண்ணு, ஏதோ வாய்தவறிச் சொல்லிருச்சுன்னு விட்டுட்டேன். பெறகு எங்க வீட்டுக்காரர் பரண்ல ஏறப் போனாரு. இவ வெண்ணெய் கேட்டு வந்தவ, "பெரியப்பா, அந்த ஏணிக்கால் உளுத்திருக்கு, ஏறாதீங்க"ன்னா. ஏறுனாரு. விழுந்தாரு. இன்னைக்கு வரைக்கும் விந்தி விந்தித்தான் நடக்கிறாரு. அந்த மனுஷனுக்கு ரோசம் கிடையாது, "அது நல்லதுக்குத்தானேடி சொல்லுச்சு, நான் கேட்டிருக்கணும்"பாரு. அவரு பேச்சை விடுங்க.

இப்பச் செவலையைச் சொல்லணும். மூக்கைச் சிந்திட்டுச் சொல்றேன், கொஞ்சம் பொறுங்க.

செவலை எங்கையால வளத்த மாடு. கன்னுலயே தாயை இழந்துருச்சு, பாட்டில்ல பாலு குடுத்து ஆளாக்குனேன். நான் இருமுனா அது தலையைத் தூக்கிப் பாக்கும். எங்க பெரியவளுக்குப் பிரசவம் பாத்ததும் அது பாலுதான், சின்னவளைக் கட்டிக் குடுத்ததும் அது பாலுதான். அந்த வருஷம் கோடை கடுமையா இருந்துச்சு. கண்மாய்ல பொட்டுத் தண்ணியில்ல, பள்ளத்துலயே தரை வெடிச்சுப் போச்சு. அப்படிப்பட்ட புல்லு சுருண்டு நின்னுச்சுன்னாப் பாத்துக்கங்க. திடீர்னு ஒரு மழை. இந்த ஈரத்தை விடக்கூடாதுன்னு யூரியாவை ரெண்டு கையாலயும் அள்ளி வீசுனேன். அடடா, எப்படி வந்துச்சுங்கிறீங்க. பச்சைன்னா பச்சை, கருகருன்னு இருந்துச்சு. சோணைமுத்து புல்லு கூட அப்படி இல்ல. பாத்துப் பாத்து எனக்கு வயிறு குளுந்து போச்சு.

அறுக்கிற பருவம் வந்ததும் ஒருநா காலையில நான் அருவாளோட இறங்குறேன், இவ சொசைட்டிக்குப் போறவ வண்டியை நிறுத்திட்டு வரப்புல ஓடி வர்றா. "பெரியம்மா, பெரியம்மா, இதை இப்ப அறுக்காதீங்க. கரும்பச்சையா இருக்கு பாருங்க. காஞ்சு கிடந்துட்டு உப்பைக் குடிச்ச புல்லு. கொஞ்ச நாள் போகட்டும். இப்பப் போட்டீங்கன்னா மாடு தாங்காது."

மாடு தாங்காது. கேட்டீங்களா அந்த வார்த்தையை? விடிஞ்சும் விடியாம, கொட்டகையில வெறும் வயித்துல நிக்கிற மாட்டைப் பத்திச் சொல்ற வார்த்தையா அது? எனக்கு உச்சந்தலைக்கு ஏறிருச்சு. எம்புல்லு செழிச்சது உனக்குப் பொறுக்கலையாடின்னேன். அவ கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஆனா நகரல. "பெரியம்மா, வைக்கோலாச்சும் முதல்ல போடுங்க, எங்க வீட்டுல இருந்து நான் கொண்டாறேன்"னா. உன் வீட்டு வைக்கோலும் வேணாம், உன் ரோதனையும் வேணாம்னு சொல்லிட்டு, வேணும்னே, வேணும்னேதான் தம்பி, ரெண்டு கட்டு சேத்து அறுத்தேன். இவ சொல்லித்தான் எம்மாட்டுக்கு நான் புல்லுப் போடணுமா? கொண்டாந்து செவலைக்கு முன்னாடி போட்டேன். பசி. ஆவலாத் தின்னுச்சு. நான் பக்கத்துலயே நின்னு கழுத்தைத் தடவிக்கிட்டு இருந்தேன்.

பெறகு நடுக்கம் வந்துச்சு. வாயில நுரை. மூச்சு வாங்க முடியாம வாயைப் பிளந்துக்கிட்டு நிக்கிது. நாக்கைப் பாத்தா நீலம் பாரிச்சிருக்கு. காலு மடங்கி விழுந்து என்னையத்தான் பாக்குது. நான் போட்ட கூப்பாட்டுல இவதான் முதல்ல ஓடியாந்தா. பாத்தவ திரும்ப ஓடி, வண்டியில போயி மாட்டு டாக்டரைப் பின்னாடி உக்கார வச்சுக் கூட்டியாந்தா. அவரு ஊசியை எடுக்கும்போதே மாடு போயிருச்சு. கழுத்துல குத்திப் பாத்தாரு, ரத்தம் காப்பிக் கசடு மாதிரி வந்துச்சு. "உப்பு ஏறுன புல்லும்மா, விஷமாயிருச்சு. யாரும் சொல்லலையா?"ன்னு கேட்டாரு. இவ பக்கத்துலதான் நிக்கிறா. வாயைத் திறக்கல. தலையைக் குனிஞ்சுக்கிட்டா.

ஏன் குனிஞ்சா? எம்மாட்டுக்கு அவ ஏன் தேம்பித் தேம்பி அழுதா? யோசிச்சுப் பாருங்க. டாக்டருங்களுக்கு எதுக்கும் ஒரு பேரு வச்சாகணும். உப்புப் போட்டாப் பயிரு பச்சை கட்டும், அது எப்படி மாட்டைக் கொல்லும்? ஊரு பூரா உப்புப் போடுறான். எவன் மாடு செத்துச்சு? வாக்கு, தம்பி. வாக்கு விழுந்துச்சு. அன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு. அவளுக்குக் கருநாக்கு. ஒருநா கொட்டாவி விடும்போது நாக்கை நல்லாப் பாத்தேன், மச்சம் எதுவும் தெரியல. அடியில இருக்கும்.

அதுக்கப்புறம் பாசனக்காரங்க எல்லாம் கூடி வந்து, வாய்க்காலை அடைக்குதுன்னு எம்புல்லைத் தூரோட பேத்து எடுக்க வச்சுட்டாங்க. எனக்குப் புல்லும் இல்ல, செவலையும் இல்ல. இந்தா நிக்கிற எருமையும் அந்தக் கன்னும்தான் மிச்சம். மறுநாளே சோணைமுத்து இவ தலையில ஒரு கட்டுப் புல்லு குடுத்தனுப்பிட்டான். அன்னையில இருந்து தினமும் சாயங்காலம் வந்துரும், இவதான் கொண்டாந்து போடுவா. நாங்க கேக்கல. நம்ம மேல தப்பில்லைன்னா எதுக்கு அடுத்தவ மாட்டுக்குப் புல்லு சுமக்கணும்? நீங்களே சொல்லுங்க.

வேற எடத்துல இருந்து ரெண்டு தடவை கேட்டு வந்தாங்க. முதல்ல வந்தது ஒரு வாத்தியார் குடும்பம், பெறகு ஜவுளிக்கடைக்காரங்க. வந்து கேட்டாங்க, நடந்ததைச் சொன்னேன். நான் வேணாம்னு சொன்னேனா? போகச் சொன்னேனா? இல்லாததைச் சொல்லல, பொல்லாததைச் சொல்லல. அவங்களா எந்திரிச்சுப் போனாங்க. அதுக்கு இவ ஆத்தா பஞ்சவர்ணம் இங்க வந்து எங்காலைப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, உங்களுக்கு ஆத்தாமைன்னா என்னைய நாலு அடி அடிச்சிருங்க, எம்புள்ளைக்கு வர்ற நல்லதை நிறுத்தாதீங்க, அவளுக்கு வயசு ஏறிக்கிட்டே போகுது"ன்னு ஒரே அழுகை. எனக்கு மனசு கஷ்டமாப் போச்சு. நான் என்னடி செஞ்சேன், கேட்டவங்களுக்குப் பதில் சொன்னேன்னேன். அவ அழுதுக்கிட்டேதான் போனா. ஆனா அன்னைக்கும் புல்லு வந்துச்சு.

ஒண்ணு யோசிக்கணும் தம்பி. அவ கட்டிக்கிட்டுப் போயிட்டா அந்த வீட்டுல யாரு இருக்கா? சோணைமுத்துக்கு இடுப்பு நிமிரல. பஞ்சவர்ணத்துக்குச் சகதியில இறங்கப் பயம். அப்புறம் அந்தப் புல்லை யாரு அறுக்கிறது, யாரு சுமக்கிறது? எங்க மாடெல்லாம் என்ன திங்கும்? அதுக்காகச் சொல்லல. பொதுவாச் சொன்னேன்.

உங்களுக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை இல்லையா? நல்லதுதான். நான் நம்பச் சொல்லலையே. சிரிச்சுக்கங்க, சிரிச்சுக்கங்க. மாப்பிள்ளை என்ன பண்றாரு? வேன் ஓட்டுறாரா. சொந்த வண்டியா? பள்ளிக்கூடப் புள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போறதா. ம்.

ஒண்ணுமில்ல. ஒரு வீட்டுல பொம்பளைன்னு இருந்தா காலையில நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வா. மெதுவாப் போங்கம்பா. மழை பெஞ்சிருக்கு, வழுக்கும்பா. பிரேக்கு ஒரு மாதிரிச் சத்தம் போடுதே, பாத்தீங்களாம்பா. நீங்களோ நானோ சொன்னா அது அக்கறை. இவ சொன்னா? தினமும் காலையில, ஸ்டீரிங்கைப் பிடிக்கிற மனுஷன் காதுல? நான் சொல்லல. உங்க மருமகன், நீங்க முடிவெடுங்க. நீங்க வெவரம் தெரிஞ்சவரு.

ஏன் மோரை வச்சுட்டீங்க? குடிங்க.

இந்தா, அவளே வந்துட்டா. தலையில கட்டோட வர்றா பாருங்க, அவதான். நான் சொன்னதைக் காட்டிக்கிறாதீங்க. வாடியம்மா வா. என்ன இன்னைக்கு இம்புட்டுச் சீக்கிரம்? அங்க ஓரமா இறக்கு. இவரா? இவரு சும்மா வழி கேட்டு வந்தவரு.

பாத்தீங்களா, கும்பிட்டுட்டுச் சேத்துக் கையைப் பின்னாடி மறைச்சுக்கிறா. அம்புட்டு மருவாதி. என்னடி அங்க குனிஞ்சு பாக்குற? அவரு வண்டியையா?

காத்தா? பின் சக்கரத்துலயா?

என்ன சொல்றா கேட்டீங்களா தம்பி? "அய்யா, பின் டயர்ல காத்து ரொம்பக் கம்மியா இருக்கு, இப்படியே மெயின் ரோட்டுக்குப் போகாதீங்க, வளைவுல இழுத்துவிட்டுரும்"கிறா. வீட்டுல பம்பு இருக்காம், கூட வாங்க, நானே அடிச்சுத் தர்றேங்கிறா. நல்ல யோசனைதான். போங்க, அப்படியே வீட்டையும் பாத்த மாதிரி ஆச்சு. அவுக அப்பன் ஆத்தாளும் வர்ற நேரந்தான்.

தம்பி? என்ன, முகமெல்லாம் வேர்த்திருக்கு?

வேணாமா? ஏன் வேணாம்? அந்தா இருக்கு வீடு, நாலு எட்டு. பையை விட்டுட்டுப் போறீங்களே, இந்தாங்க. ஏன் வண்டியைத் தள்ளுறீங்க? அந்தப் பக்கம் ரோடு, வீடு இந்தப் பக்கம். தம்பி, அம்புட்டுத் தூரமும் தள்ளிக்கிட்டேவா போவீங்க? ஏறி மெதுவா உருட்டிக்கிட்டுப் போனா என்ன ஆகிறப் போகுது?

போயிட்டாரு. திரும்பிக் கூடப் பாக்கல. இம்புட்டு நேரம் என்கிட்டச் சிரிச்சுப் பேசிக்கிட்டு இருந்த மனுஷன்.

உன்னைய யாருடி டயரைப் பாக்கச் சொன்னது? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா நின்னிருந்தா உங்க வீட்டுக்கு வந்திருப்பாருல்ல? ஆமா, உன்னைய விசாரிக்கத்தான் வந்தாரு. பாத்துக்க, நான் ஒரு வார்த்தை தப்பாச் சொல்லல. தங்கமான பொண்ணுன்னுதான் சொன்னேன், முதல் வார்த்தையே அதுதான். நீ வந்து வாயைத் திறந்த, அவரு வண்டியைத் தள்ளிக்கிட்டுப் போயிட்டாரு. எல்லாம் உன் வாயாலதான்டி.

ஏன் அப்படிப் பாக்குற? கட்டைப் பிரிச்சு எருமைக்குப் போடு, கன்னு வேற கத்துது. அழுகுறியா? இல்லையா? பின்ன ஏன் மரம் மாதிரி நிக்கிற? ஏதாச்சும் சொல்லேன்டி.

வேணாம். வேணாம், ஒண்ணும் சொல்லாத.